பாக்கெட்டில் இல்லாத ஆறு பித்தளைக் கூடுகள்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த எபிசோட்ல ஒரு துப்பாக்கிச் சண்டை வருது. நாலு இளம் போலீஸ்காரங்க சாகிறாங்க. அது வேண்டாம்னு நினைக்கிறவங்க இதை விட்டுட்டுப் பழைய எபிசோட் ஏதாவது கேளுங்க, தப்பே இல்லை.

நான் இருக்கிறது டாலஸ் பக்கம். நான் வந்திருக்கிற விசாவுல துப்பாக்கியைக் கையில எடுத்தாலே சட்டப்படி குற்றம். அதுக்கு இருக்கிற விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அதனால நம்ம ஊர் சாஃப்ட்வேர் பசங்க சில பேர் ரேஞ்சுக்குப் போறதுக்காகவே வேட்டை லைசென்ஸ் வாங்குவாங்க. நானும் வாங்கினேன். வாழ்க்கையில ஒரு எலியைக்கூட அடிச்சதில்லை, ஆனா பர்ஸ்ல வேட்டைக்காரன்னு ஒரு அட்டை இருக்கு.

கூட்டிட்டுப் போனது மதுரைக்கார அண்ணன் ஒருத்தர். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு, சிட்டிசன் ஆயிட்டார். சனிக்கிழமை காலையில அவருக்குக் கோயில் எவ்வளவு கட்டாயமோ, ரேஞ்சும் அவ்வளவு கட்டாயம்.

உள்ளரங்கு ரேஞ்சுக்குப் போகாதவங்களுக்காக ஒரு படம் வரைஞ்சு காட்டுறேன். நீளமான ஒரு கான்கிரீட் அறை. பவுலிங் விளையாடற இடம் மாதிரி வரிசையா தடுப்புகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள். ஒரு பட்டனை அமுக்கினா மேலே கம்பியில தொங்கற காகிதம் மோட்டார்ல ஓடிப் போய் ஏழு கஜம், பத்து கஜம்னு நீங்க சொன்ன தூரத்துல நிற்கும். பின்னாலிருந்து முன்னால காற்றை ஊதிக்கிட்டே இருப்பாங்க, ஏன்னா புகையில ஈயம் இருக்கு. காதுல நுரை அடைப்பான், அதுக்கு மேல ஒரு ஹெட்ஃபோன் மாதிரி மூடி. இவ்வளவு மூடியும் பக்கத்துத் தடுப்புல ஒருத்தர் பெரிய துப்பாக்கியைச் சுட்டா, சத்தம் காதுல கேட்காது, நெஞ்சுல கேட்கும். சட்டைக் காலருக்குள்ள சுடச்சுட ஒரு பித்தளைக் கூடு விழுந்து நான் ஆடின ஆட்டத்தை அண்ணன் இன்னும் எல்லாருக்கும் நடிச்சுக் காட்டறார்.

முதல் நாள் என் காகிதத்தைப் பார்த்தா, நடுவுல வச்ச குறியெல்லாம் இடது பக்கம் கீழே போய் விழுந்திருக்கு. துப்பாக்கி சரியில்லைன்னு நினைச்சேன். அண்ணன் ஒண்ணும் சொல்லலை. மேகசினை வாங்கித் திரும்பி நின்னு நிரப்பிக் கொடுத்தார். மூணு தடவை வெடிச்சது. நாலாவது தடவை ட்ரிகரை அழுத்தினா, 'டிக்'. அவ்வளவுதான். உள்ளே வெடிக்காத டம்மித் தோட்டாவை வச்சிருக்கார். ஆனா பாருங்க, துப்பாக்கி வெடிக்கவே இல்லை, என் கை மட்டும் கும்பிடு போடற மாதிரி கீழே குத்திச்சு.

“தம்பி, வெடிக்கப் போகுதுன்னு பயந்து நீயே முன்னாடி அமுக்குற. குண்டு கிளம்பறதுக்கு முன்னாடியே உன் கை தரையைப் பார்த்துப் போயிருது” என்றார்.

என் கை எனக்குத் தெரியாமல் ஒன்றைக் கற்று வைத்திருந்தது. அதைப் பார்த்தது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வெளியே வந்து கை கழுவும்போது (ஈயத்துக்காக, குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவச் சொல்வார்கள்) அண்ணன் ஒரு கதை சொன்னார். “ரேஞ்ச்ல கை எதைப் பழகுதோ அதைத்தான் தெருவுலயும் செய்யும் தம்பி. கலிஃபோர்னியாவுல ஒரு போலீஸ்காரப் பையன். சண்டை நடுவுல ரிவால்வர் காலி. எதிரி நெருங்கிட்டு இருக்கான். அந்த நேரத்துலயும் அவன் காலிக் கூடுகளைக் கீழே போடாம, பொறுக்கிப் பேன்ட் பாக்கெட்ல போட்டான். ஏன்னா ரேஞ்ச்ல அப்படித்தான் பழக்கியிருந்தாங்க, தரையில குப்பை போடக்கூடாதுன்னு. அந்த ரெண்டு செகண்டுலதான் உயிர் போச்சு.”

என்ன கதை, இல்லையா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்கப்புறம் இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? ஆபீஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி ஒரு பிரசன்டேஷன் கொடுத்தேன். அதிலும் இந்தக் கதைதான் முதல் ஸ்லைடு. 'டெஸ்டில் எப்படிப் பழகுகிறோமோ, நிஜத்திலும் அப்படித்தான்' என்று. கைதட்டல் வேற.

இந்த எபிசோடுக்காகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பையன் அப்படிச் செய்யவே இல்லை என்று.

அவரிடம் வருவோம். அதற்கு முன்னால், மனிதர்கள் எதற்காக ஒரு அறைக்குள் புகுந்து சுட்டுப் பழக ஆரம்பித்தார்கள் என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால்தான் 1970-இல் அந்த இரவில் நடந்தது புரியும்.

பாரிஸ், 1845. லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலாளி. அந்தக் காலத்துத் துப்பாக்கியை வீட்டுக்குள் சுட முடியாது. கரிமருந்துப் புகை அறையை நிரப்பிவிடும், சுவர் பெயர்ந்துவிடும். ஃப்ளோபேர் என்ன செய்தார் என்றால், மருந்தையே எடுத்துவிட்டார். துப்பாக்கியைப் பற்றவைக்கப் பயன்படும் சின்னச் செப்புத் தொப்பி இருக்கிறது அல்லவா, அதன் வாயில் ஒரு குட்டி ஈய உருண்டையைப் பொருத்தினார். தொப்பியில் இருக்கும் வெடிப்பொருள் மட்டுமே உருண்டையைத் தள்ளும். சத்தம் குறைவு, புகை குறைவு. சாப்பாடு முடிந்து கனவான்கள் வரவேற்பறையிலேயே சுட்டு விளையாடலாம். 'சலோன் பிஸ்டல்' என்று அதற்கென்றே ஒரு வகைத் துப்பாக்கி வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரவேற்பறை பொம்மையில்தான் இன்றைய தோட்டாவின் வம்சமே இருக்கிறது. குண்டும் பற்றவைக்கும் பொருளும் ஒரே உலோகக் கூட்டுக்குள் இருக்கும் அந்த யோசனையை அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கரிமருந்தைச் சேர்த்து 1857-இல் தன் முதல் ரிவால்வரோடு பாயின்ட் 22 தோட்டாவை விற்றது. டாலஸில் என் கையில் அண்ணன் முதலில் கொடுத்ததும் ஒரு பாயின்ட் 22 பிஸ்டல்தான். போர்க்களத்துக்காகச் செய்து பிறகு வீட்டுக்குள் வந்த பொருள் இல்லை இது. வீட்டுக்குள் விளையாடச் செய்தது, பிறகு வெளியே போனது.

பாரிஸிலேயே காஸ்தின் ரெனெத் என்ற துப்பாக்கிக் கடையின் சுடும் கூடம் பெயர் போனது. மானப் பிரச்சினைக்கு விடியற்காலையில் ஒற்றைக்கு ஒற்றை மோதப் போகிறவர்கள் பழகுவதற்கு அங்கே போவார்கள். பக்கவாட்டில் திரும்பி நிற்பது, ஒரு கையை நீட்டுவது, மூச்சை அடக்கி நிதானமாகச் சுடுவது. அந்த உடம்பு நிலைதான் பிறகு போட்டிகளுக்குப் போனது. வட்டவட்டமாகக் கோடு போட்ட காகிதம், ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கை இடுப்பில் அல்லது பாக்கெட்டில். ஒலிம்பிக்கில் பிஸ்டல் போட்டி பார்த்திருப்பீர்கள், இன்றைக்கும் அதே நிலைதான். அழகான விளையாட்டு, எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலீஸ்காரர்களுக்கும் பெரும்பாலும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல வெளிச்சம், அசையாத காகிதம், வேண்டிய அளவு நேரம்.

இது உதவாது என்று ஒருவர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த ஊர் ஷாங்காய்.

வில்லியம் ஃபேர்பேர்ன் ஒரு பிரிட்டிஷ்காரர். மரைன் படை வீரராக இருந்துவிட்டு 1907-இல் ஷாங்காய் நகராட்சி போலீஸில் சேர்ந்தார். அப்போது ஷாங்காயின் ஒரு பகுதி 'சர்வதேசக் குடியிருப்பு' என்ற பெயரில் வெளிநாட்டவர் ஆட்சியில் இருந்தது. அந்தப் போலீஸில் பிரிட்டிஷார், சீனர், நம் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஆள் கடத்தல், ஆயுதக் கொள்ளை, கும்பல் சண்டை, எல்லாம் குறுகிய சந்துகளில், பாதி இருட்டில். ஃபேர்பேர்னும் அவருடைய சகா சைக்ஸும் 1942-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கணக்கு கொடுக்கிறார்கள்: பன்னிரண்டரை வருடத்தில் ஆயுதக் குற்றவாளிகளோடு 666 மோதல்கள். அவற்றில் 42 போலீஸ்காரர்கள் இறந்தார்கள், 260 குற்றவாளிகள் இறந்தார்கள்.

அத்தனை மோதல்களையும் வைத்துக்கொண்டு அவர்கள் வந்த முடிவு ரொம்பச் சாதாரணமானது. சண்டை பெரும்பாலும் நாலு கஜத்துக்குள் நடக்கிறது. வெளிச்சம் இருக்காது. குறிபார்க்க நேரம் இருக்காது. பயத்தில் மனிதன் நிமிர்ந்து நிற்க மாட்டான், குனிவான், கைப்பிடி இறுகும். அப்படியானால் நிமிர்ந்து நின்று மெல்லச் சுடச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? குனிந்தே சுடப் பழகு, இறுக்கிப் பிடித்தே பழகு, இரண்டிரண்டாகச் சுடு. உடம்பு தானாகச் செய்யப்போவதை எதிர்க்காமல் அதோடு சேர்ந்து போகிற பயிற்சி.

அதற்கு வேற மாதிரி அறை வேண்டும் அல்லவா? மங்கலான வெளிச்சம், சத்தம், காலுக்கடியில் நிலையில்லாத தரை, எங்கிருந்து எப்போது வரும் என்று தெரியாத பொம்மைகள், இதையெல்லாம் பயிற்சிக்குள் கொண்டுவந்தார்கள். உள்ளே போகிறவனுக்கு என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஃபேர்பேர்ன் அமெரிக்கா போய், சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். உளவு அமைப்பின் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மேரிலாந்து மலைக்காட்டில், இன்று அமெரிக்க அதிபர் ஓய்வெடுக்கும் கேம்ப் டேவிட் இருக்கும் பக்கத்தில்தான், அந்த மாதிரி ஒரு வீடு கட்டினார்கள். பயிற்சிக்குப் போனவர்கள் அதை 'பயங்கர வீடு' என்றே கூப்பிட்டார்கள்.

ஃபேர்பேர்னை ஹீரோவாக்கிவிட்டு நகர்ந்தால் அது நேர்மையாக இருக்காது. 1925 மே 30 அன்று அதே ஷாங்காய் போலீஸ், நான்கிங் சாலையில் போராடிய மாணவர் கூட்டத்தைச் சுட்டது. குறைந்தது 9 பேர் செத்தார்கள். சீனாவே கொந்தளித்தது. சுட உத்தரவிட்டவர் வேறொரு பிரிட்டிஷ் அதிகாரி. சுட்டவர்களில் சீக்கியர்களும் இருந்தார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கலவரத்தைச் சமாளிக்க என்று ஃபேர்பேர்ன் தலைமையில் தனிப்படையே வந்தது. எனக்கு உறுத்துவது இதுதான்: இருட்டு அறையில் திடீரென்று எழும்பும் பொம்மை எப்போதும் எதிரி. எழும்பினால் சுட வேண்டும். எழும்பியது ஒரு மாணவன் என்றால்? அந்தக் கேள்வியை அந்த அறை கேட்கவே இல்லை.

சரி, போர் முடிந்தது. அமெரிக்கப் போலீஸ் ரேஞ்சுகளில் பெரும்பாலும் பழைய வட்டக் காகிதம்தான், அல்லது மனித உருவம் வரைந்த காகிதம். ஐம்பதுகளில் கலிஃபோர்னியாவில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை வீரர், 'எந்த முறையில் வேண்டுமானாலும் சுடு, வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டால் போதும்' என்று திறந்த போட்டிகள் நடத்தினார். ஜாக் வீவர் என்ற துணை ஷெரிஃப் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்து, கண் மட்டத்துக்கு உயர்த்திச் சுட்டார். மற்றவர்கள் இடுப்பிலிருந்து வேகமாகச் சுட்டுத் தவறவிட்டார்கள், வீவர் ஒரு நொடி பின்தங்கினாலும் அடித்தார். இன்று எந்த ரேஞ்சுக்குப் போனாலும் முதல் பாடம் 'ரெண்டு கையாலயும் பிடி'தான். ஆனால் போட்டிக்காரர்கள் கண்டுபிடித்தது போலீஸ் பயிற்சிக்கு வந்துசேரப் பல வருடம் பிடித்தது.

அந்த இடைவெளியில்தான் நியூஹால் நடந்தது.

1970 ஏப்ரல் 5, நள்ளிரவு நெருங்கும் நேரம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே நியூஹால் என்ற இடம். சிவப்பு பான்டியாக் காரில் போன ஒருவன் தன்மேல் துப்பாக்கியை நீட்டினான் என்று ஒரு ஓட்டுநர் புகார் சொல்கிறார். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸின் ரோஜர் கோர், வால்ட் ஃப்ரேகோ இருவரும் அந்தக் காரைப் பின்தொடர்ந்து, ஒரு காபிக்கடையும் பெட்ரோல் பங்கும் இருக்கிற வளாகத்தில் நிறுத்துகிறார்கள். காரில் பாபி டேவிஸ், ஜாக் ட்வின்னிங் என்று இரண்டு பேர், இருவருமே சிறைக்குப் போய்வந்தவர்கள். ஃப்ரேகோ ஷாட்கன்னோடு வலது கதவை நெருங்குகிறார். கதவு திறக்கிறது. ட்வின்னிங் சுட்டான். ஃப்ரேகோ விழுந்தார். அடுத்த சில நொடிகளில் கோரும் விழுந்தார்.

அப்போது இரண்டாவது போலீஸ் கார் வருகிறது. ஜேம்ஸ் பென்ஸ், ஜார்ஜ் அலின். இருவருக்கும் வயது 24. முதலில் விழுந்த இருவருக்கு 23. நாலு பேருமே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவர்கள், நாலு பேருக்கும் சின்னக் குழந்தைகள் இருந்தன. வந்து இறங்கும்போதே இவர்கள் மேல் குண்டு பாய்கிறது. அலின் ஷாட்கன்னால் சுடுகிறார், பிறகு படுகாயத்தோடு சாய்கிறார். பென்ஸ் தன் ரிவால்வரின் ஆறு தோட்டாவையும் சுட்டுவிட்டார். ஒன்றும் படவில்லை. அவருக்கும் காயம்.

இங்கே ரிவால்வரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உருளையில் ஆறு துளை. ஆறும் தீர்ந்தால் உருளையை வெளியே தள்ளி, கம்பியை அமுக்கினால் ஆறு காலிக் கூடும் விழும். பிறகு இடுப்புப் பையிலிருந்து புதுத் தோட்டாவை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே போட வேண்டும். இருட்டில், காரின் மறைவில் குனிந்துகொண்டு, ரத்தம் வழியும்போது, ஒவ்வொன்றாக. ஆறையும் ஒரே தடவையில் போட உதவும் 'ஸ்பீட்லோடர்' என்ற சின்னக் கருவி அப்போதே இருந்தது. இவர்களிடம் இல்லை.

பென்ஸ் போட்டு முடித்து உருளையை மூடும் நேரத்தில் ட்வின்னிங் காரைச் சுற்றி வந்துவிட்டான். மிக அருகிலிருந்து சுட்டான்.

முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை ஐந்து நிமிடத்துக்குள். நாலு பேரும் போய்விட்டார்கள். வழியில் போன ஒருவர், முன்னாள் மரைன் படை வீரர், காரை விட்டு இறங்கி ஓடி வந்து அலினை இழுத்துக் காப்பாற்றப் பார்த்தார். முடியாமல் கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து டேவிஸைச் சுட்டார். சிறு காயம்தான், ஆனால் அந்த இரவில் அங்கே ஒரு சாதாரண மனிதர் செய்ததை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. மறுநாள் டேவிஸ் பிடிபட்டான். ட்வின்னிங் ஒரு வீட்டுக்குள் புகுந்து கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டான்.

இதற்குப் பிறகு அந்தப் பாக்கெட் கதை எப்படியோ கிளம்பியது. பென்ஸின் பேன்ட் பாக்கெட்டில் காலிக் கூடுகள் இருந்தன, ரேஞ்சுப் பழக்கத்தால் அவர் பொறுக்கி வைத்தார், நேரத்தைத் தொலைத்தார் என்று. பயிற்றுநர்கள் வகுப்பில் சொன்னார்கள். புத்தகங்கள் எழுதின. நாற்பது வருஷம் உலகம் முழுக்கப் போலீஸ் பயிற்சிகளில் அது ஒரு பாடம். கடைசியில் மதுரைக்கார அண்ணன் வழியாக என் ஸ்லைடு வரைக்கும் வந்தது.

2013-இல் மைக் வுட் என்பவர் நியூஹால் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அன்றைய விசாரணை ஆவணங்கள், படங்கள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார். பென்ஸின் காலிக் கூடுகள் பாக்கெட்டில் இல்லை. அவர் குனிந்திருந்த இடத்தில், தரையில் கிடந்தன. அதாவது அந்தப் பையன் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். கூடுகளை உதறினார், தோட்டாவைப் போட்டார், மூடப்போனார். நேரம் போதவில்லை.

நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் இந்தப் பொய் இவ்வளவு நன்றாக ஓடியது? பாக்கெட் கதை கேட்க அழகானது, ஒரு பிம்பத்தில் முழுப் பாடமும் இருக்கிறது, அது ஒரு காரணம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாக்கெட் கதையில் தவறு பென்ஸின் விரல்களில் இருக்கிறது. நிஜக் கதையில் தவறு எங்கே என்று பாருங்கள்.

இவர்கள் ரேஞ்சில் பழகியது பாயின்ட் 38 தோட்டாவில். சத்தமும் உதையும் குறைவு, விலையும் குறைவு. இடுப்பில் எடுத்துப்போனதோ பாயின்ட் 357 மேக்னம். இருட்டில் மேக்னம் வெடித்தால் கண் கூசும் வெளிச்சம், காது அடைக்கும் சத்தம், கையைத் தூக்கி அடிக்கும் உதை. அந்த உதையை அவர்கள் கை ஒழுங்காகச் சந்தித்ததே இல்லை. டாலஸில் சின்ன பாயின்ட் 22-க்கே கும்பிடு போட்ட கை என்னுடையது. நகராத காகிதத்தை நோக்கி நிதானமாகச் சுடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆயுதம் வைத்திருப்பவனின் காரை நள்ளிரவில் நிறுத்த அனுப்பினார்கள். உதவிக்கு இன்னொரு கார் வரும்வரை காத்திருக்கும் முறையைச் சரியாகப் பழக்கவில்லை. தோட்டாவை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார்கள். இதெல்லாம் 24 வயதுப் பையன் எடுத்த முடிவுகள் இல்லை.

நியாயமாகச் சொன்னால், அந்தத் துறை இதை மூடி மறைத்துவிட்டுப் போகவில்லை. ஸ்பீட்லோடர் கொடுத்தார்கள், எடுத்துப்போகும் தோட்டாவையும் பழகும் தோட்டாவையும் பற்றி விதி மாற்றினார்கள், ஆபத்தான காரை நிறுத்தும் முறையையே புதிதாக எழுதினார்கள். ரேஞ்சில் காலிக் கூடுகளைக் கையில் பிடிக்கும் பழக்கத்தையும் நிறுத்தினார்கள். பொய்க் கதை ஒரு நல்ல மாற்றத்தையும் கொண்டுவந்தது என்பது எனக்கு இன்னும் சங்கடம்தான். அதற்காகச் செத்தவர் மேல் பழியை விட்டுவைக்கலாமா?

அறைகளும் மாறின. 1987-இல் எஃப்.பி.ஐ. வர்ஜீனியாவின் குவான்டிகோவில் 'ஹோகன்ஸ் ஆலி' என்று ஒரு பொய் ஊரையே கட்டியது. வங்கி இருக்கிறது, விடுதி இருக்கிறது, பயோகிராஃப் என்று ஒரு சினிமா தியேட்டர்கூட இருக்கிறது (1934-இல் கொள்ளைக்காரன் டிலிஞ்சரைச் சிகாகோவில் எந்தத் தியேட்டர் வாசலில் சுட்டார்களோ, அதன் பெயர்). நடிகர்கள் திருடர்களாகவும் வழிப்போக்கர்களாகவும் வருவார்கள். எழும்புவது எதிரியா, பால் வாங்கப் போகும் அம்மாவா என்று பயிற்சியாளர் முடிவெடுக்க வேண்டும். ஷாங்காய் அறை கேட்காத கேள்வியை இது கேட்கிறது.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டதா? நியூயார்க் போலீஸ் கேட்டு ராண்ட் நிறுவனம் 2008-இல் ஓர் ஆய்வு கொடுத்தது. 1998-லிருந்து 2006 வரை, எதிரி திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்டவற்றில் சராசரியாக 18 சதவீதம்தான் குறியில் பட்டிருக்கிறது. எதிரி சுடாதபோதும் 30 சதவீதம். மீதி எங்கே போகிறது? 2012 ஆகஸ்ட் 24, எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, கொலை செய்துவிட்டு நடந்துபோன ஒருவனை எதிர்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் 16 தடவை சுட்டார்கள். அவன் செத்தான். நடைபாதையில் போன 9 பேருக்கும் காயம், எல்லாம் போலீஸ் குண்டாலும் அதன் சிதறல்களாலும். அந்த இருவரும் ரேஞ்சில் தேர்ச்சி பெற்றவர்கள்தான். ரேஞ்சில் குறி தவறினால் பின்னால் இருப்பது கான்கிரீட் சுவர்.

நான் போகும் ரேஞ்சில் விதிப் பலகை ஒன்று தொங்குகிறது. உறையிலிருந்து உருவிச் சுடக்கூடாது. ஒரு செகண்டுக்கு ஒன்றுக்கு மேல் சுடக்கூடாது. பக்கவாட்டில் திரும்பக்கூடாது. எல்லாமே சரியான விதி, பத்துப் பேர் வரிசையில் நிற்கும் அறையில் வேறு வழியில்லை. ஆனால் வீட்டுப் பாதுகாப்புக்கு என்று சொல்லித் துப்பாக்கி வாங்கி, மாதத்துக்கு ஒருதரம் இந்த அறையில் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு, 'நான் ரெடி' என்று நம்பிப் போகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஃப்ளோபேரின் வரவேற்பறையிலிருந்து அவர்கள் வெகுதூரம் வந்துவிடவில்லை. நானும்தான்.

போன சனிக்கிழமை இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். கூடுகள் தரையில் கிடந்ததைச் சொன்னதும் அவர் மேகசினை நிரப்புவதை நிறுத்தினார்.

“அப்ப அந்தப் பையன் சரியாத்தான் செஞ்சிருக்கானா?”

“ஆமாண்ணே.”

“இருபது வருஷமா நான் எல்லார்கிட்டயும் அவனைத் திட்டிட்டு இருக்கேன் தம்பி.”

அதற்கப்புறம் அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மேகசினை என்னிடம் நீட்டினார். எத்தனை டம்மி வைத்திருக்கிறார் என்று சொல்லவில்லை. மூன்றாவது தடவை 'டிக்' என்றது. கை கீழே போனது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.